பழைய கணினியில் பெரிய எழுத்து: லினக்ஸில் கம்பிஸ் நிறுவும் முறை

நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு ஊருடன் உள்ள தொடர்பே கணினித் திரைதான். தமிழ்ச் செய்தியும் பேரன் எழுதும் கடிதமும் அதில்தான் வருகின்றன. கண்ணில் புரை விழுந்து எழுத்து தெரியாமல் போனால் அந்தக் கதவும் அடைபட்டுவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டதால் பல பழைய கணினிகள் கபாடிக்குப் போகின்றன. அவற்றுக்கு மறுவாழ்வு தரும் வழி ஒன்றைச் சொல்கிறேன்.

கம்பிஸ் என்பது லினக்ஸ் திரையை நிர்வகிக்கும் மென்பொருள். ஒவ்வொரு ஜன்னலையும் நினைவகத்தில் தனித்தனியே வரைந்து, பிறகு கிராபிக்ஸ் சிப்பின் உதவியால் ஒன்றாகச் சேர்த்துத் திரையில் காட்டும். அதனால் திரை முழுவதையும் பெரிதாக்கலாம், நிறம் மாற்றலாம். நோவெல் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் ரெவமன் இதை 2006ல் வெளியிட்டார். அதே ஆண்டு பெரில் என்ற கிளை பிரிந்தது. 2007ல் மீண்டும் இணைந்தது. சுழலும் கனசதுரமும் தள்ளாடும் ஜன்னலும் இளைஞர்களைக் கவர்ந்தன. நமக்கு வேண்டியது அதிலுள்ள உருப்பெருக்கி.

இனி செய்முறை. வேலண்ட் முறையில் இயங்கும் டெஸ்க்டாப்புகளில் கம்பிஸ் ஓடாது. ஆகவே லினக்ஸ் மின்ட் 22ன் 'மேட்' பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை முதலில் பென் டிரைவில் பிரதி எடுத்த பிறகே அதை நிறுவ வேண்டும்.

1. சினாப்டிக் என்ற நிரலைத் திறந்து கம்பிஸ் (சி, ஓ, எம், பி, ஐ, இசட்) என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். கம்பிஸ், கம்பிஸ்-மேட், கம்பிஸ்-பிளகின்ஸ், கம்பிஸ்கான்ஃபிக்-செட்டிங்ஸ்-மேனேஜர் ஆகிய நான்கையும் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள்.

2. செட்டிங்ஸ் மேனேஜரில் விண்டோ டெக்கரேஷன், மூவ், ரீசைஸ், பிளேஸ் விண்டோஸ் ஆகிய பிளகின்களுக்கு டிக் இடுங்கள். முதலாவது இல்லாவிட்டால் ஜன்னலின் தலைப்புப் பட்டையே காணாமல் போகும்; மூடும் பொத்தானும் இராது.

3. 'என்ஹான்ஸ்ட் ஜூம் டெஸ்க்டாப்', 'நெகட்டிவ்' இரண்டுக்கும் டிக் இடுங்கள்.

4. டெஸ்க்டாப் செட்டிங்ஸில் 'விண்டோஸ்' பகுதிக்குச் சென்று, விண்டோ மேனேஜராகக் கம்பிஸைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினால் திரை பெரிதாகும், சிறிதாகும். அதே விசையுடன் 'எம்' அழுத்தினால் வெள்ளைப் பின்னணி கறுப்பாகும்; கூச்சம் குறையும்.

சில பிளகின்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகா. 'கியூப்' இருக்கும்போது 'வால்' பிளகினைச் சேர்த்தால், எதை நிறுத்துவது என்று கேட்கும். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்த எனக்கு இது இன்டர்லாக்கிங்கை நினைவூட்டுகிறது: ஒரே பாதைக்கு இரண்டு வண்டிகளுக்குச் சிக்னல் விழாது. கேள்வியைப் படித்துப் பதில் சொல்லுங்கள். கோளாறு வந்தால் அதே டெஸ்க்டாப் செட்டிங்ஸில் 'மார்கோ'வைத் தேர்ந்தெடுத்தால் பழைய நிலை திரும்பும்.

பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதைச் செய்து கொடுத்து, அந்த இரண்டு விசைகளையும் தாத்தா பாட்டியின் கையைப் பிடித்துப் பழக்கிவிடுங்கள்.