ஆடியில் தஞ்சாவூர் வேண்டாம், மாயனூர் போங்கள்

கேள்வி: காந்தி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் நாங்கள் எட்டுப் பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வெளியூர் போய்வருவோம். ஆறு பேருக்கு கியர் சைக்கிள், இரண்டு பேருக்கு சாதா சைக்கிள். போன ஆடியில் தஞ்சாவூருக்குப் பறந்து போனோம். திரும்பும்போது செங்கிப்பட்டிக்கு இந்தப் பக்கம் எதிர்காற்றில் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிவிட்டோம். கடைசி ஆள் வீடு சேரும்போது இருட்டிவிட்டது. இந்த ஆடியிலும் போகலாமா? தெம்பான ஆட்கள் முன்னால் போவதா, பின்னால் வருவதா?
வாசகர், காந்தி மார்க்கெட், திருச்சி

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் கிழக்கே வேண்டாம். குடமுருட்டிப் பாலம் தாண்டி கரூர் ரோட்டைப் பிடித்து மாயனூர் கதவணை வரை போய்த் திரும்புங்கள். மொத்த தூரம் ஏறக்குறைய அதேதான்.

நம் ஊர் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து, கோவையையும் கரூரையும் தாண்டி இங்கே வருகிறது. விடியற்காலையில் அடங்கியிருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும், மேலே ஓடிக்கொண்டிருக்கும் வேகக்காற்று கீழே இறங்கிக் கலக்கும்; பிற்பகலில்தான் அதன் ஆட்டம் அதிகம். தஞ்சாவூர் போகிறவர்களை அது காலையில் முதுகில் தள்ளிவிடும். நமக்குத்தான் கால் வலு கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். களைத்துத் திரும்பும் நேரத்தில் அத்தனை காற்றும் முகத்தில் அறையும். போன வருடம் உங்களுக்கு நடந்தது இதுதான். மாயனூர் என்றால் எதிர்காற்றுப் பங்கைக் காலையிலேயே, தெம்பும் நிழலும் இருக்கும்போதே முடித்துவிடலாம்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிரே 20 கிலோமீட்டர் காற்று என்றால், உடம்பில் மோதுவது 40 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு தடை. அதே வேகத்தில் போக யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். இன்னொன்று: போகும்போது இழந்த நேரத்தைத் திரும்பும்போது முழுக்கப் பிடிக்க முடியாது. 60 கிலோமீட்டரை 12 வேகத்தில் போனால் 5 மணி நேரம்; 30 வேகத்தில் திரும்பினால் 2 மணி நேரம். ஆக 7. காற்றே இல்லாமல் 20 வேகத்தில் போய்வந்தால் 6 மணி நேரம்தான். ஆகவே விடியலிலேயே கிளம்புங்கள். மார்க்கெட் வாசலில் லாரிகளுக்கு நடுவே கூட வேண்டாம், குடமுருட்டியில் சேர்ந்துகொள்ளுங்கள்.

இனி தெம்பான ஆட்கள். அவர்கள் முன்னால்தான் இருக்க வேண்டும், ஆனால் வேகமாக அல்ல. ஒருவர் பின் ஒருவராகப் போனால் பின்னால் வருபவருக்குச் சுமார் நாலில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். முன்னவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மீட்டர் விட்டாலே போதும், ஒட்டிக்கொண்டு போவது பழகாதவர்களுக்கு ஆபத்து. தெம்புள்ளவர் நீண்ட நேரம் முன்னால் போகட்டும், மற்றவர் இரண்டு நிமிடம் போய்விட்டு விலகட்டும். முறை மாறும்போது புதிதாக முன்னுக்கு வந்தவர் உற்சாகத்தில் மிதிப்பாரே, குழு சிதறுவது அந்த நொடியில்தான். கடைசி ஆளுக்கு மூன்று சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்தால் மறைப்பு பெருமளவு குறைந்துவிடும். அப்புறம் அவர் தனி ஆள். சாதா சைக்கிள்காரர்கள் இருவரும் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் வரட்டும். அவர்களுக்கு மூச்சு வாங்காத வேகம்தான் குழுவின் வேகம்.

விலகும்போது காற்று வரும் பக்கம் விலகச் சொல்வது பந்தயக்காரர்கள் வழக்கம். கரூர் ரோட்டில் அதை மறந்துவிடுங்கள். அது குறுகலான ரோடு, பஸ்காரர்கள் உரசிக்கொண்டு போவார்கள். முன்னால் இருப்பவர் கைகாட்டிவிட்டு, மண்ணில் இறங்காமல் இடது ஓரம் ஒதுங்கி வேகம் குறைக்கட்டும். பக்கக்காற்று அடிக்கும் இடத்தில் பஸ் தாண்டும்போது காற்று சட்டென நின்று, பஸ் போனதும் மறுபடி மோதும். வண்டி ஆடுவது அப்போதுதான். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கையை மடக்கித் தளர்வாக வையுங்கள்.

ஜீயபுரத்திலிருந்து பெட்டவாய்த்தலை வரை வாழைத் தோட்டங்கள் வரும். இந்த மாதத்தில் மரங்களுக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள். நார்நாராகக் கிழிந்த அந்த இலைகளின் மேல் ஒரு கண் வைத்திருங்கள். தூரத்து இலைகள் ஒரே பக்கமாகப் படுத்தால் அடுத்த சில நொடியில் வீச்சு உங்களிடம் வந்துவிடும்; அதற்குள் கியரைக் குறைத்துவிடலாம்.

தண்ணீர் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். எதிர்காற்றில் வியர்வை உடனே காய்வதால் தாகம் தெரியாது. திரும்பும்போது காற்றோடு காற்றாகப் போவதால் மேலே காற்றே படாது, புழுங்கும். குளித்தலையில் இட்லி சாப்பிட நிற்கும்போதே எல்லாப் பாட்டிலையும் நிரப்பிவிடுங்கள். சாதா சைக்கிள்காரர்கள் சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொள்ளட்டும். படபடக்கும் சட்டை காற்றை வாங்கும். ஒன்பது மணிக்குள் குளித்தலை வராவிட்டால் மாயனூரை விட்டுவிட்டு அங்கேயே திரும்பிவிடுங்கள்.