உப்புத்தாளுக்கு முன் டார்ச் லைட்: பழைய அமெரிக்கக் கார்களின் குறியீட்டைப் படிக்கும் முறை

பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலைக்குச் சேரப் போகிறீர்களா? முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்பேனரோ உப்புத்தாளோ அல்ல. டார்ச் லைட்டும் நோட்டும்தான். வண்டி எந்த மாடல் என்று பேட்ஜைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பேட்ஜ் கடையில் கிடைக்கும். யாரும் வாங்கி ஒட்டலாம். தொழிற்சாலையில் இரும்பில் குத்திய எண்தான் முதல் சாட்சி.

இன்று எல்லாக் கார்களுக்கும் உள்ள 17 இலக்க வின் நம்பர் 1981 மாடல்களில்தான் வந்தது. அதற்கு முன் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. எனவே கம்பெனி, ஆண்டு இரண்டையும் உறுதி செய்த பிறகே எண்ணுக்குப் பொருள் தேடுங்கள்.

மஸ்டாங்கில் பழகுங்கள்

1965 ஃபோர்டு மஸ்டாங்கின் பானட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்க மட்கார்டை ஒட்டியுள்ள உள்தகட்டைத் துடையுங்கள். ‘5எஃப்09கே’ என்று எண் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்.

- 5: 1965 மாடல்.
- எஃப்: டியர்பார்ன் தொழிற்சாலை.
- 09: ஃபாஸ்ட்பேக். 07 என்றால் ஹார்ட்டாப், 08 என்றால் கன்வர்டிபிள்.
- கே: 271 குதிரைத்திறன் கொண்ட 289 கன அங்குல எஞ்சின்.

அந்தக் ‘கே’ இருக்கும் இடத்தில் ‘சி’ இருந்தால் எஞ்சின் அதே 289தான், திறன் 200. ஓர் எழுத்தில் வண்டியின் விலையே மாறிவிடும்.

அடுத்து கதவில் உள்ள தகட்டைப் பாருங்கள். அதில் ‘63ஏ’ என்று இருந்தால் பதற வேண்டாம்; அதுவும் ஃபாஸ்ட்பேக்தான். பெயின்ட் இடத்தில் ‘எம்’ என்றால் விம்பிள்டன் ஒயிட். இந்தத் தகடு புதிதாகவே செய்து விற்கப்படுகிறது. அதனால் உள்தகட்டில் குத்திய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே இதை நம்புங்கள்.

எண் சொல்லாத மாடல்களும் உண்டு

1965 பாண்டியாக் ஜிடிஓ தனி மாடல் அல்ல. லெமான்ஸ் காரில் கூடுதல் பணம் கட்டி வாங்கிய ஆப்ஷன். ஆகவே இரண்டின் எண்ணும் 237 என்றே தொடங்கும். அது ஜிடிஓதானா என்று அறிய, தொழிற்சாலை பில் பதிவுகளை வைத்திருக்கும் பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிடம் விண்ணப்பித்து நகல் வாங்க வேண்டும். 1966இல் ஜிடிஓவுக்கு 242 என்ற தனி எண் கிடைத்தது. எனவே 1966 வண்டி 237 என்று தொடங்கினால், மேலே எத்தனை ஜிடிஓ பேட்ஜ் இருந்தாலும் அது லெமான்ஸ்தான்.

தேதிகளைப் பொருத்துங்கள்

ஜெனரல் மோட்டார்ஸ் பாடித் தகட்டில் ‘03பி’ என்றால் மார்ச் இரண்டாம் வாரம். எஞ்சின் பிளாக்கை வார்த்த தேதி அதற்கு முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியதாக இருந்தால், எஞ்சின் பிறகு மாற்றப்பட்டிருக்கிறது.

பட்டறையில் மறக்கக் கூடாதவை

- சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பும் முன் எல்லா எண்களையும் படம் எடுத்து, தகடுகளை மூடிப் பாதுகாத்துவிடுங்கள்.
- செவ்ரோலே வி8 பிளாக்கில் எண் குத்திய மேடை, ஹெட் உட்காரும் தளத்தோடு ஒட்டியது. அந்தத் தளத்தைச் சீவினால் எண்ணும் போய்விடும். லேத்துக்குக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.
- வின் எண்ணை அழிப்பதும் திருத்துவதும் அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். யார் கேட்டாலும் செய்யாதீர்கள்.
- எண் ஒன்று, வாடிக்கையாளர் சொல்வது வேறு என்றால், வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் தெரிவியுங்கள்.

கெட்ட பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம். சீவிப் போன எண் திரும்ப வராது. எண்ணைப் படித்து முடிக்கும்வரை வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள்.