வேகம் இருந்தும் குரல் வெட்டுவது ஏன்?

கடைக்கு இணையத் தொலைபேசி எடுத்த புதிதில் நடந்தது இது. பெருநாள் சீசனுக்கு மொத்த வியாபாரியை அழைத்து, "நூற்றி ஐம்பது பெட்டி அனுப்புங்க நானா" என்றேன். அவருக்குக் கேட்டது "ஐம்பது பெட்டி" மட்டும்தான். லொறியில் வந்ததும் ஐம்பதே. மீதி நூறு பெட்டி வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போனது.

வேகம் போதவில்லை என்றெண்ணி கூடிய பெக்கேஜுக்கு மாறினேன். கட்டணம் கூடியதே தவிர, வெட்டு நிற்கவில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது.

இணையத் தொலைபேசி எமது குரலைச் சிறு பொதிகளாக்கி அனுப்புகிறது. வழமையாக ஒரு பொதியில் 20 மில்லிசெக்கன் பேச்சு, அதாவது செக்கனுக்கு 50 பொதிகள். இதற்கு 100 கிலோபிட் வேகமே தாராளம். ஆனால் பொதிகள் சீராகப் போய்ச் சேர வேண்டும். வழியில் நெரிசல் என்றால் சில உடனே சேரும், சில பிந்தும். இந்தத் தளம்பலே 'ஜிட்டர்'.

மறுமுனைக் கருவி பொதிகளைச் சற்று நேரம் பிடித்து வைத்துச் சீராக ஒலிக்கிறது. அந்த நேரமும் கடந்து வருவதை வீசிவிடும். ஓரிரு பொதிகள் போனால் காதுக்குத் தெரியாது. அரைச் செக்கனுக்குரிய 25 பொதிகள் போனால் ஒரு சொல்லே போய்விடும். எனது "நூற்றி" போனதும் அப்படித்தான். பிடித்து வைக்கும் நேரத்தைக் கூட்டினால் வெட்டு குறையும், ஆனால் பேச்சு பிந்தும். ஜிட்டர் 30 மில்லிசெக்கனுக்குள்ளும், ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள்ளும் இருப்பது நல்லது.

நெரிசல் எனது கடைக்குள்ளேயே இருந்தது. பாதுகாப்புக் கமராக்களின் காட்சிகள் ஓயாமல் இணையத்தில் ஏறிக்கொண்டிருந்தன. குரல் அவற்றின் பின்னால் வரிசையில் நின்றது.

நான் செய்தவை இவை:

1. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தேன்.

2. வெளிச்செல்லும் வேகத்தை, உண்மையில் கிடைப்பதில் 85 முதல் 90 வீதத்துக்கு மட்டுப்படுத்தினேன். அப்போதுதான் வரிசை எமது ரவுட்டரில் நிற்கும், முன்னுரிமையும் வேலை செய்யும்.

3. மேசைத் தொலைபேசியை வைபையிலிருந்து கேபிளுக்கு மாற்றினேன்.

கடை மூடியபின் ஒருமுறையும், வேலை மும்முரத்தில் ஒருமுறையும் கணினியில் 'பிங்' சோதனை செய்து பாருங்கள். மும்முரத்தில் மட்டும் எண்கள் ஏறி இறங்கினால், முதலில் உங்கள் கடைக்குள் தேடுங்கள். மூடியபின்னும் அப்படியென்றால், அந்தப் பதிவுடன் இணைப்பு வழங்குனரிடம் முறையிடுங்கள்.

எத்தனை திருத்தினாலும் ஒன்றை விடாதீர்கள். தொகையையும் விலையையும் மறுமுனையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு எழுத்திலும் ஒரு செய்தி அனுப்புங்கள். நூறு பெட்டி இழந்து நான் படித்த பாடம் இது.