கோடாலி கேட்ட மகனுக்கு

திருவேங்கடம்,
வைகாசி 3

அன்பு மகனுக்குப் பெரியப்பா எழுதிக்கொண்டது.  

குற்றாலத்தில் சீசனுக்கு மெஸ் எடுத்திருப்பதாகவும், 19 கிலோ சிலிண்டர் விலைக்குக் கட்டுப்படியாகாததால் சோற்றுக்கும் குழம்புக்கும் விறகடுப்பே போடப்போவதாகவும் சொன்னாய். விறகு பிளக்க நல்ல கோடாலியாக ஒன்று சொல்லுங்கள் என்றாய். நீ போனில் அனுப்பிய படத்தையும் பார்த்தேன். மூன்றரைக் கிலோ தலை, மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் காம்பு. போனில் பேசினால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்பது வருசம் விறகோடு கிடந்தவன் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

படத்தில் இருக்கிற கோடாலி மோசமானது இல்லை. குளிர் தேசங்களில் வீட்டைச் சூடாக்கவே வண்டி வண்டியாக விறகு பிளக்கிறார்கள். அங்கே பைன் மாதிரி நார் நேராக ஓடுகிற மரங்கள் உண்டு. மிஷினில் முழங்கை நீளத்துக்கு ஒரே அளவாக அறுத்துப் போட்டு, மேலிருந்து கனத்த தலையை இறக்கினால் இரண்டாகப் பிரிந்து விழும். உன் கொல்லையில் வந்து இறங்கப்போவது என்ன மரம்? அதை முதலில் எனக்குச் சொல். மரம் தெரியாமல் கோடாலி வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

நீ இருக்கிற பக்கம் செங்கோட்டை வழியாகப் புனலூர் ரப்பர் விறகு கிடைக்கும். பிளக்கச் சுகமான மரம், நேராக விரியும். ஆனால் அறுத்துப் பச்சையாகப் போட்டுவைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடித்து, வண்டும் துளைத்துவிடும். வந்த வாரத்திலேயே பிளந்துவிட வேண்டும். மாங்கட்டை பரவாயில்லை. தென்னந்தடி வேண்டாம், புகைதான் மிச்சம். புளியங்கட்டையை விறகுக்கு என்று வாங்காதே. அதன் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும், எத்தனை அடித்தாலும் விடாது. கறிக்கடைக்காரர்கள் வெட்டுவதற்குப் புளியங்கட்டையைப் போட்டிருக்கிறார்களே, ஏன்? அது பிளக்காது என்பதால்தான். அதனால் நல்ல அகலத்தில் ஒரே ஒரு புளியந்துண்டு வாங்கி, விறகை நிறுத்திப் பிளக்கிற அடிக்கட்டையாகப் போட்டுக்கொள். உன் கணுக்காலுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும் அதன் உயரம்.

நம்ம ஊர்ப்பக்கமிருந்து லாரியில் வருவது பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். இந்த மரத்தைத் திட்டாத ஆள் கிடையாது. கண்மாயை அடைத்துக்கொண்டது, கரிசலைப் பாழாக்கியது என்பார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அது தானாக வந்த மரம் இல்லை. சென்னை மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த பெட்டோம் என்ற வெள்ளைக்காரர், வறண்ட சீமைக்கு விறகு வேண்டும் என்று விதை கேட்டு எழுதி, 1877-ல் ஜமைக்காவிலிருந்து அதை வரவழைத்தார். விறகுக்கென்றே கடல் கடந்து வந்த மரம். இங்கே மழை பொய்த்த வருசங்களில் இதை வெட்டியும் கரிமூட்டம் போட்டும் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது. நம் வீட்டிலும்தான். நின்று எரியும், கங்கு நிலைக்கும், பெரிய பாத்திரத்துக்கு இதைவிட நல்ல விறகு எனக்குத் தெரியாது.

ஆனால் பிளக்கிறவனுக்கு அது கொடுமை. கோணல், கணு, முள். பச்சையில் விட்டுக்கொடுக்கும். நன்றாகக் காய்ந்து வைரம் ஏறிவிட்டால் கோடாலி துள்ளும். ஆகவே மணிக்கட்டுப் பருமனுக்குக் கீழே உள்ளதை அரிவாளால் தறித்து அப்படியே எரி. தொடைப் பருமனை ஈரம் இருக்கும்போதே பிளந்து, பிறகு காயவை. தூர்க்கட்டை வந்தால் மட்டும் அவசரப்படாதே. வெயிலில் போட்டுவிடு. நாள் போகப் போக அதுவே நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். அந்த வெடிப்பில் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் இறக்கு. பெரிய கட்டைக்கு ஒரு ஆப்பு போதாது. ஒன்று சிக்கிக்கொண்டால் அதை மீட்க இன்னொன்று வேண்டும்.

இப்போது கோடாலிக்கு வருகிறேன். மரம் வெட்டுகிற கோடாலி வேறு, விறகு பிளக்கிற கோடாலி வேறு. வெட்டுகிறது நாரைக் குறுக்கே அறுக்க வேண்டும், அதனால் அதன் வாய் அகலமாக, மெல்லிசாக இருக்கும். அதைக் கொண்டு பிளந்தால் கட்டைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அதை உருவுவதிலேயே உன் காலைப் பொழுது போகும். பிளக்கிற கோடாலி நாருக்கு நடுவே புகுந்து இரண்டு பக்கமும் தள்ள வேண்டும். வாய் நாலு விரல் அகலம் இருந்தால் போதும், வாய்க்குப் பின்னாலேயே இரு பக்கமும் ஆப்பு மாதிரி தடித்து வர வேண்டும்.

தலை இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும். கனத்தை இரட்டிப்பாக்கினால் அடியின் பலம் இரட்டிப்பாகும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் நாலு மடங்காகும். நீ பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான். மூன்றரைக் கிலோவைத் தூக்கி இருபது அடி அடிப்பாய். இருபத்தொன்றாவது அடியில் கை தளரும், குறி தவறும். விபத்து நடப்பது அப்போதுதான்.

கடையில் வாங்குவதைவிடப் பட்டறையில் சொல்லி அடிப்பது நல்லது. லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்தால் வாய் நிற்கும். பழுக்கக் காய்ச்சி முக்குகிற தோய்ச்சலில்தான் ஆசாரியின் கை இருக்கிறது. அதிகமானால் சீமைக்கருவேலத்தின் கணுவில் பட்டுப் பல் பல்லாகத் தெறிக்கும், குறைந்தால் மடங்கும். அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார். கொஞ்சம் பிடித்துக் கொஞ்சம் வழுக்கினால் சரி. பின்னால் தீட்டும்போதும் அரம்தான். கிரைண்டர் மிஷினில் கொடுத்துவிடாதே. சூடேறி வாயில் நீலம் பாய்ந்தால் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம்.

காம்பு விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன். எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் விறகு பிளக்கப் போயிருந்தேன். அங்கே கிடந்த கோடாலி ஆடியது. வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கொடுத்தார்கள், இறுகிவிட்டது என்று நானும் நம்பினேன். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் போனதும் காம்பு பழையபடி சுருங்கியது. ஓங்கிய கையில் காம்பு மட்டும் நின்றது. தலை பறந்துபோய்ப் பந்தல் காலடியில் விழுந்தது. சற்று முன்னால் வரை அங்கே மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து பூந்தி தின்றுகொண்டிருந்தார்கள். இன்றைக்கும் அந்த இடம் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து ஆடுகிற கோடாலியை நான் தொட்டதில்லை. தண்ணீரில் ஊறவைப்பது அந்த நேரத்துக்கு ஏமாற்றுகிற வேலை. ஊதின மரம் காயும்போது முன்னைவிடத் தளரும். மேலே ஆப்பு அடித்து இறுக்குவது ஒன்றே வழி. உனக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். நீ இருப்பது சாரல் ஊர். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று அங்கே காம்பை ஊத வைக்கும். புரட்டாசி வெயிலில் அது சுருங்கும். சீசன் முடிந்ததும் முதல் வேலையாகத் தலையை ஆட்டிப் பார்.

காம்பு நீளமாகவே இருக்கட்டும். கையடக்கமாக இருந்தால் நல்லது என்று நினைக்காதே. குட்டைக் காம்பில் குறி தவறினால் கோடாலி உன் முழங்கால் எலும்புக்கு வரும். நீளக் காம்பில் தவறினால் மண்ணில் இறங்கும். என் இடது பெருவிரலைப் பார்த்திருப்பாய், அது குட்டைக் காம்பு செய்தது.

அடிக்கிற விதம் இதுதான். கட்டையை நிறுத்தி, அடிப்பதற்கு முன் சுற்றிப் பார். எங்காவது மயிரிழை வெடிப்பு இருக்கும், அந்தக் கோட்டிலேயே கோடாலி விழ வேண்டும். கணு இருந்தால் அதைக் கீழே போட்டு, கணுவை ஒதுக்கி அடி. அகலமான கட்டையை நடுவில் அடிக்காதே, ஓரத்திலிருந்து பத்தை பத்தையாக எடுத்து வா. கால் இரண்டும் அகட்டி ஒரே வரிசையில் இருக்கட்டும், ஒன்று முன்னால் வேண்டாம். தூக்கும்போது ஒரு கை தலைக்குப் பக்கத்தில், இறக்கும்போது அது வழுக்கிக் கீழ்க்கையோடு சேர வேண்டும். விழுகிற நேரத்தில் முழங்காலை மடக்கு. அமுக்காதே, விழவிடு. கோடாலி சிக்கிக்கொண்டால் பக்கவாட்டில் திருகாதே, காம்பு முறியும். காம்பின் நுனியில் உள்ளங்கையால் மேலும் கீழும் தட்டு, கழன்றுவிடும். பழைய ஸ்கூட்டர் டயர் ஒன்றை அடிக்கட்டை மேல் வைத்து அதற்குள் விறகை நிறுத்தினால் துண்டுகள் சிதறாது, ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டாம்.

சம்மட்டி இல்லை என்று கோடாலியின் பின்தலையால் இரும்பு ஆப்பை அடிக்காதே. தலை விரியும், தெறிக்கிற இரும்புச் செதில் கண்ணுக்குப் போகும். கண்ணாடி போட்டுக்கொள். சாரத்தை மடித்துக் கட்டு, தோளில் துண்டு வேண்டாம், செருப்பு வேண்டாம், ஷூ போடு. முள் குத்தினால் அலட்சியமாக விடாமல் டி.டி. ஊசி போட்டுக்கொள். பாத்திரம் கழுவ வருகிற சின்னப் பையன்கள் ஆசையாகக் கேட்பார்கள், அவர்கள் கையில் கோடாலியைக் கொடுத்துவிடாதே.

பிளந்ததை அடுக்குவதுதான் பாதி வேலை. சாரல் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு மாத விறகாவது பிளந்து கிடக்க வேண்டும். பட்டை மூடின உருளை ஈரத்தை வெளியே விடாது, பிளந்த முகம் விட்டுவிடும். செங்கல் பரப்பி அதற்கு மேலே இடைவெளி விட்டு அடுக்கு. மேற்குப் பக்கம் தகரம் வை, காற்று அங்கிருந்துதான் வரும். அடுக்குக்குள் கையை விட்டு உருவாதே. தேளும் கட்டுவிரியனும் அங்கேதான் குடியிருக்கும். கம்பால் தட்டிவிட்டு மேலிருந்து எடு.

ஒன்றை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. விறகுக்கடை வைத்திருந்த காலத்தில் காய்ந்த விறகையெல்லாம் விற்றேன், விலை போகாத ஈர விறகை வீட்டுக்கு விட்டேன். உன் பெரியம்மா இருபது வருசம் அதை ஊதி ஊதிச் சமைத்தாள். இப்போது ராத்திரியில் அவள் இருமும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஈர விறகு எரிந்தால் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், எரியாத மிச்சம் புகையாக அடுப்பு முன்னால் நிற்கிறவள் நெஞ்சுக்குள் போகும். உன் மெஸ்ஸில் அங்கே நிற்கப்போவது மருமகள். இத்தனை பக்கம் நான் எழுதுவது அதற்காகவும்தான்.

என்னிடம் கருவேலங்காம்பு இரண்டு இருக்கிறது, ஒரு வருசமாக நிழலில் காய்கிறது, நார் நேராக ஓடுகிறது. வேப்பெண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். பட்டறையில் தலைக்கு நானே சொல்லிவிடுகிறேன். நீ நிமிர்ந்து நின்றால் தரையிலிருந்து இடுப்பெலும்பு வரை எத்தனை அங்குலம் என்று மருமகளை அளக்கச் சொல்லி அனுப்பு. அளவு வந்த பிறகுதான் காம்பை அறுப்பேன்.

அன்புடன்,
பெரியப்பா