காவிரிக்கரைக்கு வந்த மாணவர்

பிறநாடு சென்று கற்பது புதிய வழக்கம் அன்று. கி.பி. 7-ஆம் நூற்றாண்டிலேயே சீன நாட்டு யுவான் சுவாங் நாலந்தாவில் தங்கிக் கற்றார். இந்நாளில் மாணவர் சிலர் விடுமுறைக் காலத்தில் ஜப்பான் முதலிய நாடுகளுக்குச் சென்று, அங்குள்ள குடும்பத்தாரோடு தங்கிப் பயில்கின்றனர். ஜப்பானிய அரசு 2007-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஜெனிசிஸ்' என்னும் இளைஞர் பரிமாற்றத் திட்டத்திலும் இத்தகைய விருந்து வாழ்க்கை இடம்பெற்றது.

தஞ்சை மாவட்டத்து மாணவன் ஒருவன் ஜப்பானியர் இல்லம் புகுந்தால், எல்லாமே அவனுக்குப் புதுமையாய்த் தோன்றா. அங்கும் வாயிலிலேயே காலணியைக் கழற்றுவர். அங்கும் நெற்சோறே தலையாய உணவு. சோற்றையும் உணவையும் 'கோஹன்' என்னும் ஒரே சொல்லால் அவர்கள் வழங்குவர். எனினும், பழக்கவழக்கங்களைக் கண்டு வருவது மட்டும் கல்வியாகுமா? அயல்நாடு செல்லும் மாணவன் எவ்வாறு கற்றல் வேண்டும்? ஜப்பானிலிருந்து நம் காவிரி நாட்டைக் கற்க வந்த ஒருவரின் வாழ்க்கை இவ்வினாவிற்கு விடையளிக்கிறது. அவர் பெயர் நொபோரு கராஷிமா.

கராஷிமா 1933-ஆம் ஆண்டில் பிறந்தார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றார். தென்னிந்திய வரலாற்றை ஆராய விரும்பிய அவர், நூல்களை மட்டும் நம்பித் தம் நாட்டிலேயே இருந்துவிடவில்லை. 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு மாணவராக வந்தார். தமிழ் மொழியையும் கல்வெட்டுக் கலையையும் கற்கத் தொடங்கினார்.

கல்வெட்டைப் படித்தல் எளிதன்று. பழைய எழுத்துகள் இன்றைய வடிவின அல்ல. இடையிடையே கிரந்த எழுத்துகள் வரும். மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. சொற்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். நம் நாட்டவரே தயங்கும் இப்பணியை அயல்மொழியாளர் ஒருவர் மேற்கொண்டார். மா, வேலி என்னும் நில அளவைகளையும், வரிகளின் பெயர்களையும், வாய்க்கால் எல்லைகளையும் பொறுமையோடு கற்றார்.

அக்கல்வி வீண்போகவில்லை. பண்டை இந்தியச் சிற்றூர்கள் யாவும் ஒரே தன்மையின; அவற்றில் நிலம் பொதுவுடைமையாகவே இருந்தது; பல நூற்றாண்டுகளாக அவை மாறவே இல்லை என்று மேனாட்டார் பலர் எழுதி வந்தனர். இக்கூற்று மெய்தானா என்று கராஷிமா ஆராய்ந்தார். திருச்சிராப்பள்ளிக்கு அருகே, காவிரியின் தென்கரையில் உள்ள அல்லூரையும் அதனை அடுத்திருந்த ஈசானமங்கலத்தையும் எடுத்துக்கொண்டார். அவ்வூர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டு நோக்கினார். அந்தணர்க்குக் கொடையாக அளிக்கப்பெற்ற ஈசானமங்கலத்தில், தனி மனிதர் நிலம் உடையவராய் இருந்து அதனை விற்றனர். உழவர் ஊராகிய அல்லூரிலோ, ஊரார் கூடிப் பொதுவாக நிலத்தை விற்றனர். அடுத்தடுத்த இரண்டு ஊர்களே இவ்வாறு வேறுபட்டிருந்தன! மேலும், பிற்காலச் சோழர் ஆட்சியில் காவிரிப் பகுதியில் தனியார் நிலவுடைமை பரவியதையும் அவர் எடுத்துக்காட்டினார். சிற்றூர்கள் மாறாதவை என்னும் கருத்து இதனால் தளர்ந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டுகளும் அவர் ஆய்வுக்கு உதவின. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களை அவை குறிக்கின்றன. குடியிருப்புகள், குளங்கள், வாய்க்கால்கள், சுடுகாடுகள் முதலிய வரியில்லா நிலங்களையும் கூறுகின்றன. பிறர் நிலக்கணக்கு என்று கருதக்கூடிய அவ்வரிகளில், ஓர் ஊரில் யார் யார் எங்கெங்கு வாழ்ந்தனர் என்பதை அவர் கண்டார்.

கராஷிமா தனியே உழைத்தவர் அல்லர். தமிழறிஞர் எ. சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் தோரு மத்சுயியும் அவரோடு சேர்ந்து உழைத்தனர். சோழர் கல்வெட்டுகளில் வரும் மக்கட்பெயர்களைத் தொகுத்து, மூவரும் 1978-ஆம் ஆண்டில் பெருநூல் ஒன்றை வெளியிட்டனர். கண்ணில் பட்ட ஒன்றிரண்டு சான்றுகளைக் கொண்டு முடிவு கட்டாமல், கிடைக்கும் சான்றுகள் அனைத்தையும் எண்ணிப் பார்ப்பதே அவர்கள் கொண்ட நெறி.

1995-ஆம் ஆண்டில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு தஞ்சையில் நடைபெற்றது. அப்பொழுது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராய் விளங்கியவர் கராஷிமாவே. மாணவராக வந்தவர், தமிழறிஞர் அவைக்குத் தலைவரானார்! 2013-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2015-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

மாணவர்களே! நாளை நீங்களும் விருந்தினராய் ஜப்பானுக்கோ பிறநாட்டிற்கோ செல்லலாம். அந்நாட்டு மொழியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வீட்டைக் கண்டு நாட்டையே அளந்துவிடாதீர்கள். அங்குள்ளாரோடு கூடி உழையுங்கள். மற்றொன்றையும் மறவாதீர்கள். நாம் நாள்தோறும் கடந்து செல்லும் கோயிற் சுவரில் நம் முன்னோர் வரலாறு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதனைப் படிக்கக் கடல் கடந்து ஒருவர் வந்தார். அதனருகே வாழும் நாம் அதனைப் படியாதிருத்தல் தகுமோ?