தோட்டத்து நிலமும் திட்ட வரைபடமும்

ஈப்போவைச் சூழ்ந்துள்ள நிலங்கள் ஒரே நிலையில் நின்றவை அல்ல. ஈயச் சுரங்கமாக இருந்தவை உண்டு. காடு வெட்டி ரப்பர் நடப்பட்டவை உண்டு. இன்று அவற்றுட் பலவற்றில் வீடமைப்புத் திட்டங்களும் கடைவீதிகளும் எழுந்துள்ளன. சிலிபின் பகுதியில் வாழ்வோர் இம்மாற்றத்தைத் தம் கண்ணாலேயே கண்டவர்கள். மரங்களைச் சாய்க்கும் இயந்திரம் தோட்டத்திற்குள் நுழையும் நாளில்தான் மாற்றம் தொடங்குவதாகத் தொழிலாளர் பலர் கருதுகின்றனர். உண்மையில் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, ஓர் அலுவலகத்தில், வரைபடமொன்றில் ஒரு கோடு கிழிக்கப்பட்டு நிறம் தீட்டப்பட்டிருக்கும். அந்தக் கோட்டை இடுவோர் யார், எந்தச் சட்டத்தின்படி இடுகின்றனர், அது உலராத நிலையில் நாம் வாய் திறக்க இடமுண்டா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஈப்போவின் பழைய நகரத் தெருக்கள் கட்டம் கட்டமாக நேர்கோட்டில் அமைந்திருப்பதைக் காணலாம். 1892ஆம் ஆண்டு ஏற்பட்ட பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி அழிந்தது. அதன் பின்னர் அகன்ற தெருக்களோடு நகர் மறுபடியும் அமைக்கப்பட்டது. எனினும் இவையெல்லாம் அந்தந்த அதிகாரியின் விருப்பப்படி நடந்தவை. முறையான திட்டமிடல் சட்டம் அப்போது இல்லை. 1921ஆம் ஆண்டில் சார்ல்ஸ் ரீட் என்பார் மலாய்க் கூட்டு மாநிலங்களின் அரசாங்க நகரத் திட்ட அதிகாரியாக வந்தார். அவர் முயற்சியால் 1923இல் நகரத் திட்டமிடல் சட்டம் இயற்றப்பட்டது. நில உடைமையாளர்களுக்கும் சுரங்க முதலாளிகளுக்கும் அது உவப்பாக இல்லை. 1927இல் அச்சட்டம் வலுக் குறைக்கப்பட்டுச் சுகாதார வாரியச் சட்டத்தினுள் அடக்கப்பட்டது. தீபகற்ப மலேசியாவுக்குப் பொதுவான ஒரு சட்டம் வர 1976 வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவே நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம். சட்டம் 172 எனப்படுவது.

தோட்டம் எவ்வாறு வீட்டுமனையாகிறது என்பதை இனிக் காண்போம். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என மூவகையாகப் பிரிக்கிறது. ரப்பர்த் தோட்டம் விவசாய நிலம். அதில் வீடு கட்டி விற்க வேண்டுமெனில், உரிமையாளர் நில வகையை மாற்றித் தருமாறு மாநில அரசுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாற்றம் கிடைத்தால் அதற்குரிய கட்டணமும் செலுத்த வேண்டும். இதனோடு ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் அனுமதியும் வேண்டும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்பதற்கும் ஒரு தடை உண்டு. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை அவ்வாறு விற்க, தோட்ட நில வாரியத்தின் அனுமதி பெறுதல் அவசியம். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுச் சென்றபோது, வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டதால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. அந்தத் துயரத்தின் விளைவே இத்தகைய தடை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் அதே துயரத்தை முன்னிட்டே என்பதை மூத்த வாசகர்கள் அறிவர்.

இத்தனை ஏற்பாட்டிலும் தொழிலாளியின் இடம் எது? சட்டத்தின் பார்வையில் லயத்து வீடு முதலாளியின் சொத்து. 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டமும், அவ்வீடு எவ்வாறு இருக்க வேண்டும், குடிநீர் எவ்வாறு தரப்பட வேண்டும் என்றெல்லாம் கூறுகின்றன. ஆயினும் வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்தால் அதுவும் போகும். மூன்று தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்திருந்தாலும், நிலப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. இதன் விளைவு மிகவும் நுட்பமானது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் மேம்பாட்டுக்கு விண்ணப்பித்தால், அயல் நிலத்தின் உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவித்து, 21 நாட்களுக்குள் மறுப்புக் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்று சட்டம் 172 கூறுகிறது. நிலத்தின் மேலேயே வாழும் தொழிலாளியோ உரிமையாளன் அல்லன். ஆதலின் வேலிக்கு அப்பால் உள்ளவருக்குக் கடிதம் வரும். வேலிக்கு உள்ளே உள்ளவருக்கு வராது.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. அங்கே நியூயார்க் நகரம் 1916ஆம் ஆண்டில், எந்த வட்டாரத்தில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் எழுப்பலாம் என்று நகர் முழுமைக்கும் விதி செய்தது. ஆலைப் புகையிலிருந்து வீடுகளைக் காப்பது நல்ல நோக்கந்தான். ஆனால் 1926இல், ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்னும் சிற்றூரைப் பற்றிய வழக்கில் இம்முறை செல்லும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தனி வீடுகளுக்கு நடுவே எழும் அடுக்கு வீட்டை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. வாடகைக்கு இருக்கும் எளியவரைக் குறித்து இதைவிடக் கடுமையாக ஒரு நீதிமன்றம் பேச முடியாது. கறுப்பர் குடியிருக்கக் கூடாத தெரு என்று நகரங்கள் வெளிப்படையாக விதிப்பதை அதே நீதிமன்றம் 1917லேயே தள்ளிவிட்டிருந்தது. எனினும், மனை பெரிதாக இருக்க வேண்டும், ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்ற விதிகள் அதே வேலையைச் சத்தமின்றிச் செய்தன.

நியூஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்றோர் ஊர். பண்ணை வேலை செய்த கறுப்பின மக்களின் சந்ததியார் அங்கே பல தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். புதிய வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது நில விலை ஏறிற்று. சில குடும்பங்கள் கோழிக் கொட்டகைகளை மாற்றியமைத்த வீடுகளில் வாழ்ந்தன. அவையும் வாழத் தகாதவை என்று இடிக்கப்பட்டன. மக்கள் 36 சிறு அடுக்கு வீடுகள் கட்டிக்கொள்ள அனுமதி வேண்டினர். கிடைக்கவில்லை. 1970இல் ஒரு தேவாலயத்தில் கூடியிருந்த அவர்களிடம், இங்கே வாழ வசதியில்லையேல் வேறிடம் செல்லத்தான் வேண்டும் என்று ஊர்த் தலைவர் கூறினார். குழந்தைகள் காப்பகத்தில் பணியாற்றிய எத்தல் லாரன்ஸ் என்னும் அம்மையார் முன்னின்று வழக்குத் தொடுத்தார். 1975இல் மாநில உச்ச நீதிமன்றம், வளர்ந்துவரும் ஊர் ஒவ்வொன்றும் குறைந்த வருமானக்காரருக்கும் நியாயமான பங்கு இடம் ஒதுக்கியே விதி செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஊர்கள் காலங்கடத்தவே, 1983இல் மேலும் கண்டிப்பான தீர்ப்பொன்று வந்தது. அம்மையார் 1994இல் காலமானார். அவர் பெயர் தாங்கிய குடியிருப்பில் குடும்பங்கள் குடியேறியது 2000ஆம் ஆண்டில்தான்.

நம் நாட்டில் புக்கிட் கியாராவை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோலாலம்பூரை அடுத்திருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பின், தொழிலாளர் குடும்பங்கள் எண்பதுகளின் தொடக்கத்தில் நீண்ட வீடுகளில் தற்காலிகமாகக் குடியமர்த்தப்பட்டன. நிரந்தர வீடு பின்னர் தரப்படும் என்பது ஏற்பாடு. 2017இல் அவர்களுக்கான ஓர் அடுக்கு வீட்டையும், அதனோடு விற்பனைக்கான உயர்ந்த மாடிக் கட்டடங்கள் பலவற்றையும் அருகிலிருந்த தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் கட்ட அனுமதி வழங்கப்பட்டது. பக்கத்துத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் வழக்காடினர். திட்டத்தில் பொதுத் திறந்தவெளி என்று குறிக்கப்பட்ட இடத்தைத் தக்க காரணம் காட்டாமல் மாற்ற இயலாது என்று 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அனுமதியைச் செல்லாததாக்கியது. திட்டம் என்பது வெறும் காகிதமன்று, அதிகாரிகளையும் கட்டுப்படுத்துவது என நிலைநாட்டிய தீர்ப்பு இது. பூங்காவைக் காத்ததும் சரியே. ஆனால் நாற்பதாண்டாகக் காத்திருந்த தோட்டக் குடும்பங்களுக்கு அன்று வீடு கிடைக்கவில்லை. அவர்களுக்குரிய மனை அந்தத் தொடக்க நாளிலேயே வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தால், பூங்காவோடு வீட்டைப் பிணைக்க வேண்டிய நிலையே தோன்றியிருக்காது என்பது என் கருத்து.

ஆகவே காலமறிந்து பேசுதல் முக்கியம். உள்ளூர்த் திட்டத்தின் நகல் தயாரானதும், ஊராட்சி மன்றம் அதனைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும்; மறுப்புத் தெரிவிக்க நான்கு வாரங்களுக்குக் குறையாத தவணை அளிக்க வேண்டும். இங்கே நில உரிமையாளர் மட்டுமே பேசலாம் என்ற வரம்பு இல்லை. லயத்தில் வாழும் பால்வெட்டுத் தொழிலாளியும் எழுதலாம். ஆலயக் குழுவும், பெற்றோர் ஆசிரியர் சங்கமும், தொழிற்சங்கக் கிளையும் எழுதலாம். அத்திட்டம் அரசாங்கப் பதிவிதழில் ஏறிவிட்டால், மேலே கூறிய அயலார் அறிவிப்புக்கும் சட்டத்தில் இடம் சுருங்கிவிடுகிறது. அந்த நான்கு வாரத்தின் மதிப்பு இதனால் விளங்கும்.

எழுதும்போது பொதுப்பட முறையிடுவதால் பயன் குறைவு. ஈப்போ மாநகர் எல்லைக்குள் இருப்போர் மாநகர் மன்றத்தின் திட்டமிடல் பிரிவிலும், பிறர் தத்தம் நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றத்திலும் நகலைப் பார்த்து, தங்கள் தோட்டத்தின் மேல் எந்த நிறம் தீட்டப்பட்டுள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும். பின்னர் லயங்கள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, இடுகாடு ஆகியவை எங்குள்ளன, எத்தனை குடும்பங்கள் எத்தனை ஆண்டுகளாக வாழ்கின்றன என்பதை நில எண்ணோடு குறித்து, குடியிருப்புக்கும் வழிபாட்டுக்கும் எவ்விடத்தை ஒதுக்க வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். நேரில் வந்து கூற விரும்புவதாகவும் அக்கடிதத்திலேயே எழுதுதல் நலம். அவ்வாறு கேட்டுக்கொண்டவர்களை விசாரணைக் குழு அழைத்துக் கேட்கும். கடிதத்தின் படியொன்றில் மன்ற அலுவலகத்தின் முத்திரையையும் தேதியையும் பெற்றுக்கொண்டு, அதைத் தோட்டத்துச் சங்கச் செயலாளரிடம் ஒப்படைத்து வைக்கவும்.