கமிட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?

புதுச்சேரி தவளக்குப்பத்தில் இருந்தபடியே உலகத் திட்டங்களுக்கு நிரல் எழுதலாம். தமிழ் உரையைக் கையாளும் பைத்தான் நூலகமான ஓப்பன்-தமிழ் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. ஆனால் செய்த வேலை உங்கள் கணக்கில் சேர வேண்டுமே! அதற்குச் சில வழிகள்.

பெயர்: இனிஷியல் ஒரு நாள் முன்னால், ஒரு நாள் பின்னால், கல்லூரிக் கணினியில் வேறு மின்னஞ்சல் என்றிருந்தால், நிரல் மாற்றங்களைக் கமிட்டுகளாகப் பதியும் கிட் உங்களை மூன்று பேராக எண்ணும். முதல் நாளே ஒரே பெயர், ஒரே மின்னஞ்சலை கான்ஃபிக்கில் பதியுங்கள். அந்த மின்னஞ்சல் கிட்ஹப் கணக்கிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கமிட் உங்கள் பக்கத்தில் தெரியாது.

செய்தி: 'பிழை சரிசெய்தேன்' என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. தலைப்பு 50 எழுத்துக்குள், ஏவலில் இருக்கட்டும்: 'புள்ளியைத் தனி எழுத்தாக எண்ணாதே'. ஒரு வரி இடைவெளி விட்டு, காரணம்: 'தவளக்குப்பம் என்ற சொல்லில் 8 எழுத்து; நிரலோ யூனிகோடு குறிகளை எண்ணி 12 என்றது.' ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் இது போதும். திட்டம் ஆங்கிலத்தில் நடந்தால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள்.

பங்கு: கிட் ஒவ்வொரு கமிட்டிலும் எழுதியவர், சேர்த்தவர் என்று இரண்டு பெயரைத் தனித்தனியாகப் பதியும். நண்பரின் மாற்றத்தை காப்பி-பேஸ்ட் செய்தால் எழுதியவர் நீங்கள் என்றாகிவிடும். செர்ரி-பிக் செய்தால் அவர் பெயரே நிற்கும். சேர்ந்து எழுதினீர்களா? செய்தியின் கடைசியில் 'கோ-ஆதர்டு-பை' வரியில் அவர் பெயர், மின்னஞ்சலைச் சேருங்கள். பிழையைச் சொன்னவருக்கு 'ரிப்போர்ட்டட்-பை', சோதித்தவருக்கு 'டெஸ்டட்-பை'.

'சைன்டு-ஆஃப்-பை' வரியோ பாராட்டு அல்ல, உறுதிமொழி. எஸ்.சி.ஓ. நிறுவனம் 2003-இல் ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டு, லினக்ஸில் தன் நிரல் கலந்திருப்பதாகச் சொன்னது. அத்தகைய சிக்கலைத் தவிர்க்கவே மறு ஆண்டு லினக்ஸ் கெர்னலில் இந்த வரி வந்தது. 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்று பொருள். அலுவலக நிரலை எடுத்துப்போட்டு இதில் பெயர் எழுதினால் வம்பு உங்களுக்குத்தான்.

பயோடேட்டாவில் 'பங்களித்தேன்' என்று மட்டும் போடாமல், மெர்ஜ் ஆன இரண்டு மூன்று கமிட்டுகளின் சுட்டியைக் கொடுங்கள்.

புஷ் செய்யுமுன் கிட் லாகை ஒருமுறை பாருங்கள். மெர்ஜ் ஆன பிறகு பெயரைத் திருத்தினால் கமிட்டின் ஹேஷ் மாறும், அதன் பின்வந்த எல்லாக் கமிட்டுகளின் ஹேஷும் மாறும். உங்கள் இனிஷியலுக்காகத் திட்டப் பொறுப்பாளர் அதற்குச் சம்மதிக்க மாட்டார்.